சலசலப்பு எந்த நிமிடத்தில் தொடங்குகிறது? வகுப்பறை ஒழுங்குக்கு ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

வகுப்பு கைமீறிப் போன பிறகு என்ன செய்வது என்று கேட்டால் யோசனை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். மேசையைத் தட்டுங்கள், பேசுகிறவனை எழுப்பி நிறுத்துங்கள், பெயரைப் பலகையில் எழுதுங்கள், பெற்றோரைக் கூப்பிடுங்கள். எல்லாவற்றையும் நானும் செய்து பார்த்திருக்கிறேன். மேசையைத் தட்டினால் இரண்டு நிமிடம் அமைதி கிடைக்கும். அடுத்த முறை அதே அமைதிக்கு இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்ட வேண்டியிருக்கும். வருடக் கடைசியில் தொண்டை போயிருக்கும், மேசைக் காலும் ஆடத் தொடங்கியிருக்கும்.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜேக்கப் கூனினுக்கும் விஷயம் ஒரு கண்டிப்பில்தான் தொடங்கியது. தன் வகுப்பில் செய்தித்தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரை அவர் அதட்டினார். அதட்டல் விழுந்தது ஒருவர்மேல், நிமிர்ந்து உட்கார்ந்ததோ சுற்றியிருந்தவர்கள். சரி, எப்படி அதட்டினால் இந்த அலை நன்றாகப் பரவும் என்று ஆராயப் புறப்பட்டார். பல வருடம், பல வகுப்புகள், கேமராப் பதிவுகள். 1970-இல் வெளியான அவருடைய நூலில் கிடைத்த விடை, அவர் தேடிப் போனதற்கு நேர்மாறாக இருந்தது. வகுப்பு நன்றாக நடக்கும் ஆசிரியரும் தடுமாறும் ஆசிரியரும் தவறு நடந்த பிறகு கண்டிக்கும் விதத்தில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. வித்தியாசமெல்லாம் தவறு நடப்பதற்கு முன்னால் அவர்கள் செய்துவைத்த ஏற்பாடுகளில் இருந்தது.

அந்த முன்னேற்பாடுகளில் எதை முதலில் கையில் எடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஐந்து வழிகளை எடுத்துக்கொள்கிறேன்: நடைமுறைகளைப் பழக்குவது, பாடத்தின் ஓட்டத்தைச் சீர்செய்வது, இருக்கைகளை மாற்றி நடமாடிக்கொண்டே கற்பிப்பது, பிள்ளைகளோடு உறவை வளர்ப்பது, பரிசும் பாராட்டும் தருவது. ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்த உற்சாகத்தில் ஐந்தையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கிய ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த திங்களுக்குள் ஐந்தும் நின்றுபோயிருக்கும். ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்குத்தான் ஒரு மனிதருக்குத் தெம்பு இருக்கிறது.

முதலில் ஒரு தாள்

எந்த வழி என்று முடிவெடுப்பதற்கு முன் மூன்று நாள் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். மேசைமேல் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் ஏறும்போதெல்லாம் பாடவேளையின் எத்தனையாவது நிமிடம், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று இரண்டே சொல்லில் குறியுங்கள். ‘3, உள்ளே வருகிறார்கள்.’ ‘14, நோட்டு விநியோகம்.’ ‘22, நான் பலகையில் எழுதுகிறேன்.’ ‘35, முடித்தவர்கள் சும்மா இருக்கிறார்கள்.’

யார் பேசியது என்று எழுதாதீர்கள். நம் கை தன்னால் பெயரைத்தான் எழுதப் போகும். எழுதினால் கிடைப்பது குற்றவாளிப் பட்டியல், அதை வைத்து எதையும் திட்டமிட முடியாது. மூன்று நாளுக்குப் பிறகும் ஒரே இரண்டு பேரின் முகம்தான் மனதில் நிற்கிறது என்றால் அதுவும் ஒரு தகவல்தான், அதற்குப் பிறகு வருகிறேன்.

‘இந்த கிளாஸே மோசம்’ என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி சொல்வோம். தாளைப் பார்த்தால் முழு வகுப்பும் முழு நேரமும் மோசமாக இருப்பது அபூர்வம் என்று தெரியும். மூன்று நான்கு இடங்களில் குறிகள் கும்பலாக விழுந்திருக்கும். எந்த வழி உங்களுக்குப் பொருந்தும் என்பதை அந்தக் கும்பல்தான் சொல்லும்.

நடைமுறைகள்: முதலில் இடிக்கும், பிறகு தாங்கும்

குறிகள் வகுப்பின் தொடக்கத்திலும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடங்களிலும் விழுந்திருந்தால் பிரச்சினை நடைமுறையில் இருக்கிறது.

விதி வேறு, நடைமுறை வேறு. ‘அமைதியாக இருக்க வேண்டும்’ என்பது விதி. ‘உள்ளே வந்ததும் பையை டெஸ்குக்கு அடியில் வை, பலகையில் உள்ள கேள்வியை நோட்டில் எழுதத் தொடங்கு’ என்பது நடைமுறை. முதலாவது எப்படி இருக்கக் கூடாது என்பதைத்தான் சொல்கிறது, இரண்டாவது கைக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது. விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1968-இல் மேட்சன், பெக்கர், தாமஸ் ஆகிய மூவரும் தொடக்கப்பள்ளி வகுப்புகளில் இதைச் சோதித்தார்கள். விதிகளைச் சொல்வது மட்டும் பிள்ளைகளின் நடத்தையை ஏறக்குறைய மாற்றவே இல்லை. நல்ல நடத்தையைக் கவனித்துப் பாராட்டுவதும் சின்னச் சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் சேர்ந்தபோதுதான் மாற்றம் வந்தது.

நடைமுறையைப் பாடம்போலவே கற்பிக்க வேண்டும். செய்து காட்ட வேண்டும், இரண்டு பேரைச் செய்ய வைக்க வேண்டும், எல்லாரும் செய்து பார்க்க வேண்டும், சரியாக வராவிட்டால் கோபமில்லாமல் திரும்பச் செய்ய வேண்டும். 1980-இல் எம்மர், எவர்ட்சன், ஆண்டர்சன் மூவரும் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களை வருடத் தொடக்கத்திலிருந்து கவனித்து எழுதிய ஆய்வு இதைத்தான் காட்டியது. பின்னாளில் வகுப்பை நன்றாக நடத்தியவர்கள் எல்லாரும் முதல் சில வாரங்களில் இதற்கு நேரம் ஒதுக்கியவர்கள். தடுமாறியவர்களிடமும் விதிகள் இருந்தன. ஆனால் பழக்கவில்லை.

எதைப் பழக்குவது? எல்லாவற்றையும் பழக்கப் போனால் பட்டாளம் ஆகிவிடும். உங்கள் தாளில் அதிகக் குறி விழுந்த மூன்று இடங்கள் போதும். பெரும்பாலும் அவை உள்ளே நுழைவது, நோட்டு கொடுப்பது வாங்குவது, ‘நான் முடிச்சிட்டேன் டீச்சர், இப்ப என்ன பண்றது?’ என்ற கேள்வி ஆகிய மூன்றாகத்தான் இருக்கும். கடைசியாகச் சொன்னது பலருக்கும் தோன்றுவதில்லை. முடித்த பிள்ளைக்கு அடுத்து என்ன என்று தெரியாவிட்டால் அது பக்கத்தில் இருப்பவனை முடிக்கவிடாது.

கூடவே செலவில்லாத ஒரு உத்தியும் உண்டு: நடந்தபின் சொல்வதை நடப்பதற்கு முன் சொல்வது. ‘இப்போது குழுவாக உட்காரப் போகிறோம். நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைக்கணும், வழியில் யாரிடமும் பேச்சு வேண்டாம். சரி, எழுந்திருங்கள்.’ பத்து விநாடி ஆகும். இதையே ‘யாருடா நாற்காலியை இழுக்கிறது?’ என்று பின்னால் சொன்னால் நிமிடக் கணக்கில் போகும்.

நேரக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பாடவேளைக்கு மூன்று நிமிடம் மிச்சமானால், நாளைக்கு ஐந்து பாடவேளை, வருடத்துக்கு 200 நாள் என்று வைத்தால் 3000 நிமிடம், அதாவது 50 மணி நேரம். ‘சிலபஸ் முடிக்க நேரமில்லை, இதுக்கு எங்கே போறது?’ என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

குறை இல்லாமல் இல்லை. முதல் இரண்டு வாரம் பாடமே நகராததுபோல் இருக்கும், மேலிருந்து கேள்வி வரலாம். ஒரே வகுப்புக்கு ஆறு ஆசிரியர்கள் ஆறு விதமாகப் பழக்கினால் பிள்ளைகள் குழம்புவார்கள். ஆகவே அந்த வகுப்புக்குப் போகும் எல்லாரும் உட்கார்ந்து பேசி, நுழைவதையும் அமைதிக்கான சைகையையும் மட்டுமாவது ஒரே மாதிரி வைத்துக்கொள்வது நல்லது. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் ஒத்திகை பார்க்கச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களிடம் ஏன் என்ற காரணத்தை ஒரு முறை நேராகச் சொல்லி, ஒரு முறை செய்ய வைத்தால் போதும்.

பாடத்தின் ஓட்டம்

குறிகள் பாடவேளையின் நடுவில், அதிலும் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது விழுகின்றனவா? கேட்கக் கொஞ்சம் வலிக்கும், ஆனால் பிரச்சினை அந்தப் பக்கம் இல்லை, நம் பக்கம்.

கூனின் பதிவுகளில் கண்ட ஒரு விஷயம் எனக்கு அப்படியே பொருந்தியது. ஆசிரியர்கள் தங்கள் பாடத்தைத் தாங்களே அறுத்துக்கொள்கிறார்கள். கணக்கின் நடுப்படியில் நிற்கும்போது, ‘ஆமாம், நேற்று ஹோம்வொர்க் கொண்டுவராதது யார்?’ என்று திரும்புவோம். இரண்டு நிமிடம் கழித்துக் கணக்குக்கு வந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஒரு வரியில் சொல்லக்கூடியதை ஏழு வரியில் சொல்வதும் இதே வகை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கக்கூடியதை ஒவ்வொருவராக வந்து வாங்கச் சொல்வதும் அப்படித்தான். ஒருவர் வாங்கும்போது மற்றவர்கள் என்ன செய்வார்கள்? நாமாக இருந்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் பேசத்தான் செய்வோம். ஆசிரியர் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு கேள்விக்கு ஒருவர் மட்டும் பதில் சொல்லும் வகுப்பில் மற்ற எல்லாரும் பார்வையாளர்கள். மாற்று எளிது. எல்லாரும் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டட்டும். பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசட்டும். ஒரு சொல் பதில் என்றால் சேர்ந்தே சொல்லட்டும். வாயும் கையும் பாடத்தில் மாட்டிக்கொண்டால் சேட்டைக்கு மிச்சம் இருக்காது. கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதும் முக்கியம். மேரி பட் ரோ 1970-களில் அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாகக் கூட்டியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். ஓட்டமும் வேண்டும், காத்திருக்கவும் வேண்டும் என்றால் முரணாக இல்லையா என்று கேட்கலாம். யோசிக்கக் கொடுக்கும் மூன்று விநாடி ஓட்டத்தைக் குறைக்காது. சுண்ணாம்புக் கட்டியைத் தேடும் முப்பது விநாடிதான் குறைக்கும்.

இந்த வழியின் விலை அன்றாட உழைப்பு. நடைமுறை என்பது ஒருமுறை கட்டிய வீடு, இதுவோ தினமும் சமைக்கும் சோறு. முந்தைய நாள் இரவு பத்து நிமிடம் உட்கார்ந்து, எங்கே எல்லாரும் சும்மா இருப்பார்கள் என்று பாடத் திட்டத்தைத் தேடிப் பார்த்து அந்த ஓட்டைகளை அடைக்க வேண்டும். இன்னொன்று, பாடம் பிள்ளையின் நிலைக்கு மேலேயோ கீழேயோ இருந்தால் எந்த வேகமும் உதவாது. வாசிக்கவே திணறும் பையன் அரை மணி நேரம் மௌனமாகப் பாடப் புத்தகத்தைப் பார்ப்பான் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.

இருக்கையும் நடமாட்டமும்

ஐந்தில் மலிவானது இதுதான். நாளைக் காலையே செய்யலாம், பலன் அன்று மாலையே தெரியும். வானார்கா, ரூல் இருவரும் 2008-இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒரு தெளிவான போக்கு கிடைத்தது: தனியாகச் செய்யும் வேலைக்கு வரிசை நல்லது, பேசிச் செய்யும் வேலைக்குக் குழு நல்லது. வட்டமாக உட்கார வைத்துவிட்டு ‘யாரும் பேசக் கூடாது, தனியாக எழுது’ என்று சொல்வது நாமே மாட்டிக்கொள்ளும் பொறி.

இருக்கையைவிட ஆசிரியரின் கால்கள் பெரிய கருவி. பலகைக்கு முன்னாலேயே நிற்பவருக்கு முன்வரிசையும் நடுவரிசையும்தான் வகுப்பு, ஓரங்களும் கடைசி பெஞ்சும் வேறு நாடு. பத்து நிமிடத்தில் ஒரு முறையாவது வகுப்பின் நான்கு மூலைக்கும் போய்விட வேண்டும். சத்தம் வரும் இடத்தில் போய் நின்றபடி பாடத்தைத் தொடர்ந்தால் போதும், பேர் சொல்லத் தேவையில்லை. நல்ல ஆசிரியருக்குப் பின்னந்தலையிலும் கண் உண்டு என்று பிள்ளைகள் நம்புவார்களே, அதைக் கூனின் ஒரு திறனாகவே எண்ணி அளந்தார். ஒரு பிள்ளையோடு பேசும்போதும் பார்வை அறையைச் சுற்றி வருவது, சரியான ஆளை, சேட்டை பரவுவதற்கு முன்பே தடுப்பது. இது பிறவி வரம் இல்லை, பழகினால் வரும்.

பெஞ்சுகள் தரையோடு பொருத்தியிருந்தாலோ நடக்க வழியில்லாமல் நெருக்கமாக இருந்தாலோ இதில் பாதி கிடைக்காது. தாளில் 22-ஆவது நிமிடம், ‘பலகையில் எழுதுகிறேன்’ என்று குறி விழுந்தவர்களுக்கு முதல் மருந்து இதுதான்: வகுப்பு தொடங்குமுன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

உறவு

‘பிள்ளைகளை நேசியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்ற அறிவுரையை நான் பாதிதான் நம்புகிறேன். ஒரு மாதம் முழுக்கப் பிள்ளைகளுக்கு நண்பராக மட்டும் இருந்த புது ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரைக் கண்டால் பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொள்வார்கள். வகுப்பில் அவர் சொல்வது மட்டும் யார் காதிலும் விழாது. பிரியம் இருந்தது, எங்கே நிற்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் மறுபாதி உண்மை. சேட்டை எப்போதும் அந்த இரண்டு மூன்று பேரிடமிருந்தே வருகிறது என்று தாள் சொன்னால், மொத்த வகுப்புக்கும் விதி போடுவதில் பொருளில்லை. அங்கே உறவுதான் வேலை செய்யும். கல்வியாளர்களிடையே பரவியுள்ள ஒரு முறை: ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, தொடர்ந்து பத்து நாள், நாளைக்கு இரண்டு நிமிடம், பாடத்தையும் நடத்தையையும் தவிர வேறு எதைப் பற்றியாவது பேசுவது. நாய்க்குட்டி, பந்து, தம்பி, எதுவானாலும். முதல் மூன்று நாள் அந்தப் பிள்ளை சந்தேகத்தோடு பார்க்கும். ‘நான் எதுவும் பண்ணல சார்’ என்றே ஆரம்பிக்கும். பொறுக்க வேண்டும்.

மொத்த வகுப்புக்கும் பொருந்துவது வாசலில் நின்று வரவேற்பது. 2007-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், வேலையில் கவனம் நிற்காத மூன்று மாணவர்களை ஆசிரியர் வாசலில் பெயர் சொல்லி அழைத்து ஒரு நல்ல வார்த்தை சொன்னார். வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் அவர்கள் வேலையில் ஈடுபட்டிருந்த நேரம் சராசரியாக 45 சதவீதத்திலிருந்து 72 சதவீதமாக உயர்ந்தது. மூன்றே பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் செலவு என்ன? கதவருகே இரண்டு நிமிடம். நுழையும் நேரத்தில் குறி விழும் வகுப்புக்கு, உள்ளே பலகையில் ஒரு கேள்வியும் வாசலில் ஆசிரியரும் இருந்தால் நடைமுறையும் உறவும் ஒரே கல்லில் விழும் இரண்டு மாங்காய்.

வாரத்தில் இருநூறு முகங்களைப் பார்க்கும் பாட ஆசிரியருக்கு எல்லாரிடமும் உறவு வளர்ப்பது நடக்காத காரியம். அவர் பெயர்களைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டாலே பெரிய விஷயம்.

பரிசு

எல்லாரும் முதலில் எடுப்பது இதைத்தான். நான் கடைசியில் வைத்திருக்கிறேன். வேலை செய்யாது என்பதால் அல்ல. வேலை செய்கிறது, அதுவும் வேகமாக.

1969-இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு நான்காம் வகுப்பில் நடந்த பரிசோதனை புகழ்பெற்றது. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். அனுமதியில்லாமல் பேசினாலோ எழுந்தாலோ அந்த அணிக்கு ஒரு கோடு. கோடு குறைந்த அணிக்கு வெற்றி, இரண்டுமே ஒரு வரம்புக்குள் இருந்தால் இரண்டுக்கும் வெற்றி. பரிசு, வரிசையில் முதலில் போவது, கொஞ்சம் ஓய்வு நேரம் போன்றவை. கணக்கு வகுப்பில், கவனித்த இடைவெளிகளில் 96 சதவீதத்தில் இருந்த அனுமதியற்ற பேச்சு 19 சதவீதத்துக்கு இறங்கியது. விளையாட்டை நிறுத்தினார்கள், சத்தம் திரும்பி வந்தது. மறுபடி தொடங்கினார்கள், மறுபடி இறங்கியது. அப்புறம், ‘நாங்கள் விளையாட வரவில்லை’ என்று இரண்டு பிள்ளைகள் அறிவித்துவிட்ட செய்தியும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. ஒவ்வொரு பரிசுத் திட்டத்திலும் அந்த இருவர் இருப்பார்கள். நமக்கு யாருக்காகத் திட்டம் தேவைப்பட்டதோ அவர்களாகவே இருக்கவும் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு பக்கம் 1973-இல் மார்க் லெப்பரும் உடன் பணியாற்றியவர்களும் மழலையர் பள்ளியில் கண்டது. ஓவியம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் சிலரிடம் ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசு பேச்சே இல்லாத நாட்களில் அந்தக் குழந்தைகள் முன்பைவிடக் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. தானாக நடப்பதற்குக் கூலி பேசாதே என்று நான் புரிந்துகொள்கிறேன். தானாக நடக்காததற்கு, ஒரு தொடக்கத் தள்ளலாக, குறைந்த காலத்துக்குக் கொடுக்கலாம்.

எல்லாருக்கும் தெரியும்படி பெயர்ப் பட்டியலில் நட்சத்திரம் ஒட்டுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் ஐந்து பேர் மாறவே மாட்டார்கள், கடைசி ஐந்து பேரும் அப்படியே. சுவர் தினமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

பாராட்டு வேறு கணக்கு. அதற்குப் பொருள் செலவில்லை, பழக்கமாகிவிட்டால் விட வேண்டியதும் இல்லை. ‘குட், வெரி குட்’ என்று தூவுவதைவிட ‘கேள்வி புரியாதபோது அழிக்காமல் பக்கத்திலேயே திருத்தி எழுதினாய், அது நல்ல வழி’ என்று எதைப் பாராட்டுகிறோம் என்பதைச் சேர்த்துச் சொல்வது பிள்ளைக்குப் பயன்படும். பெரிய பிள்ளைகளுக்கு இதைக் காதோடு சொல்ல வேண்டும். சபையில் புகழ்ந்தால் இடைவேளையில் கிண்டல் வாங்குவது அவர்கள்தான்.

லீவு போட்ட நாள்

ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்னிடம் ஒரு கேள்வி உண்டு: நீங்கள் விடுப்பு எடுத்த நாளில், வேறு ஒருவர் அந்த வகுப்புக்குள் போனால் எது நிற்கும்?

நடைமுறை நிற்கும், அது பிள்ளைகளின் கையில் இருக்கிறது. இருக்கை அமைப்பும் பெரும்பாலும் நிற்கும். பாடத்தின் ஓட்டம் உங்களோடு வீட்டுக்கு வந்துவிடும், நீங்கள் விரிவாகக் குறிப்பு எழுதி வைத்திருந்தால் கொஞ்சம் மிஞ்சும். உறவும் உங்களோடுதான் வரும், சில பிள்ளைகள் அன்று கூடுதலாகவே சேட்டை செய்வார்கள். பரிசு? கோடு போட ஆள் இல்லை என்று தெரிந்த நிமிடமே கலைந்துவிடும்.

வேகத்தில் வரிசை தலைகீழ். பரிசும் இருக்கையும் ஒரு நாளில் பலன் காட்டும். பாடத்தின் ஓட்டம் ஒரு வாரத்தில். நடைமுறைக்கு இரண்டு மூன்று வாரம். உறவுக்கு நாள் சொல்ல முடியாது. ஆகவே இன்றைக்கே தீ பிடித்து எரிகிறது என்றால் இருக்கையை மாற்றுங்கள், தேவையானால் மூன்று வாரத்துக்கு மட்டும் ஒரு அணி விளையாட்டு வையுங்கள், அந்த அமைதியில் நடைமுறையைப் பழக்குங்கள். பரிசை நான் ஒத்துக்கொள்வது இந்த ஒரு வேலைக்குத்தான், கட்டடம் எழும்வரை நிற்கும் சாரம் போல.

யாருக்கு எது

புது வருடம், புது வகுப்பு, சின்னப் பிள்ளைகள் என்றால் யோசிக்கவே வேண்டாம், நடைமுறை. வாசலில் நிற்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் மட்டும் எடுக்கப் போகிறவர் பாடத்தின் ஓட்டத்தில் தொடங்கலாம். அவர்கள் சலிப்பை மன்னிக்க மாட்டார்கள், மற்றவற்றைப் பெரும்பாலும் மன்னிப்பார்கள்.

வகுப்பு முழுக்கச் சரியாக இருந்து இரண்டு பேர் மட்டும் என்றால் உறவு. அதற்கும் முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். பலகை அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறதா, காது கேட்கிறதா, இரவில் தூங்குகிறதா, எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறதா. இவற்றில் ஒன்று இல்லையென்றால் ஐந்து வழியும் வீண், பெற்றோரோடும் உரியவர்களோடும் பேச வேண்டிய விஷயம் அது.

பாதி வருடத்தில் இன்னொருவரிடமிருந்து வகுப்பை ஏற்றுக்கொள்வதுதான் கடினமானது. பழைய பழக்கங்கள் ஊறியிருக்கும், ‘பழைய சார் விட்டுடுவாரு’ என்ற வாசகம் நாளுக்கு நான்கு முறை வரும். இங்கே எல்லாவற்றையும் மாற்றப் போகாமல், ஒரு வாரம் தாளில் குறித்து, ஒரே ஒரு நடைமுறையை மட்டும் எடுங்கள். ஒரு விடுமுறைக்குப் பிந்தைய முதல் நாளைத் தேர்ந்தெடுத்தால் நல்லது, அன்றைக்கு எல்லாருக்குமே கொஞ்சம் புதிதாகத்தான் இருக்கும். என்ன மாறுகிறது, ஏன் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பழக்குங்கள். பழைய ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று வாரம் விட்டு அந்தத் தாளை மறுபடி மேசைமேல் வையுங்கள். குறிகள் மறைந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் இடம் மாறியிருக்கும். என் வகுப்பு ஒன்றில் மூன்றாவது நிமிடத்தில் இருந்த கும்பல் முப்பத்திரண்டாவது நிமிடத்துக்குப் போயிருந்தது. தோற்றுவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, நுழைவு சரியாகிவிட்டதால் பிள்ளைகள் ஏழெட்டு நிமிடம் முன்னதாகவே வேலையை முடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். அந்த வாரம் நான் மாற்ற வேண்டியிருந்தது என் பாடக் குறிப்பேட்டின் கடைசிப் பத்தியை மட்டும்தான்.